சாயங்காலத்துக்குள் ஒரு பெயர்

அவர் குரல் உயர்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சிரித்த முகம். எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். வாட்ச்மேனும் கண்ணு, முதலாளியின் டிரைவரும் கண்ணு. சால்டரிங் புகையில் மூக்கு எரியும் அந்த ஹாலில் அவர் நடந்து வந்தால் மட்டும் பவுடர் வாசனை வரும். அந்த வாசனை நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இப்போதும் பஸ்ஸில் யாராவது அதே பவுடர் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், கையில் இருக்கும் டிக்கெட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், சரியான டிக்கெட்தானா என்று.

அவர் எங்கள் டெஸ்டிங் மேடம். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிடுவார் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, அடுத்தவர் பெயரை எழுதுகிற வேலை அவருடையது. அது அவரோடே இருக்கட்டும்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகரக் கூரை போட்ட கம்பெனி. முப்பது பேர், அதில் இருபத்திரண்டு பேர் பெண்கள். எட்டாவதோடு நின்றுபோன எனக்கு இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் அங்கே வேலை கிடைத்தது. நாங்கள் செய்த சாமானுக்கு இங்கிலீஷில் நீளமான பெயர் உண்டு. நாங்கள் 'பத்துவாய்' என்போம். உள்ளங்கை அகல பச்சை போர்டு. ஒரு பக்கம் ஒரு வாய், எதிர்ப் பக்கம் வரிசையாகப் பத்து வாய்.

முதல் நாள் மேடமே என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"இங்க பாரு கண்ணு. இந்தப் பக்கம் ஒத்தை ஒயர்ல சிக்னல் வருது. ஒரு செகண்டுல கோடிக்கணக்குல ஏறி எறங்கற சிக்னல். நடுவுல இருக்கற ஐசி அதை ஜோடியா மாத்துது. ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு எறங்கும். வழியில எது வந்து இடிச்சாலும் ரெண்டையும் சேத்துதான் இடிக்கும், அந்தாண்ட கேக்கறவனுக்கு வித்தியாசம் மாறாது. அந்த ஜோடியை அப்படியே பத்து காப்பி எடுத்து பத்து வாய்ல அனுப்புது. பத்து மெஷினும் அதை ஒரே நேரத்துல கேக்கணும். ஒண்ணு லேட்டா கேட்டுச்சின்னா பத்தும் வேஸ்ட்டு."

"எவ்ளோ லேட்டு மேடம்?"

"நீ கண்ணு மூடித் தொறக்கற நேரம் இருக்குல்ல, அதை நூறு கோடி துண்டா வெட்டு. அதுல ஒரு துண்டு."

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தேன். அவ்வளவு சின்னத் தப்பை யார் கண்ணால் பார்ப்பது? பார்க்க முடியாத தப்பைச் செய்துவிட்டேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு மேடம் ஒரு வழி வைத்திருந்தார். தப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தப்புப் பண்ணின ஆள் தெரிவாள். இதுதான் அவர். எந்த போர்டு ஃபெயில் ஆனாலும், ஆனது எதனால் என்று மற்ற இடங்களில் கேட்பார்கள். அவர் 'யாரு கை?' என்று கேட்பார். சாயங்காலம் ஐந்தரை மணிச் சங்கு ஊதுவதற்குள் ஒரு பெயர் வந்தாக வேண்டும். ஐசியே கோளாறாக வந்திருக்கலாம், கரண்ட் விழுந்து எழுந்திருக்கலாம், அதெல்லாம் அவர் கணக்கில் இல்லை. ஒரு கை இருந்தே தீரும். பெயர் கிடைத்ததும் கேட் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையில் 'இன்றைய கை' என்று போட்டு அதற்கு நேராக எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து.

எழுதுவதோடு முடியாது. மின்சார மீட்டருக்குப் போடுவார்களே, நம்பர் போட்ட சிவப்பு பிளாஸ்டிக் சீல், அதை ஒரு பை நிறைய வைத்திருந்தார். ஃபெயிலான போர்டை அந்தப் பெண்ணின் வலது மணிக்கட்டில் வைத்து, சீலை இழுத்து இறுக்குவார். கிர்ரென்று ஒரு சத்தம். இழுத்தால் இறுகும், தளராது. வெட்டித்தான் எடுக்க முடியும். வெட்டுகிற கட்டர் அவர் கோட்டுப் பையில். மறுநாள் காலை அவரே வெட்டி, நம்பரை நோட்டோடு சரிபார்த்துக்கொள்வார். வீட்டில் அரிவாள்மணையில் அறுத்துக்கொண்டு வந்தால் வேலை இல்லை. அந்தக் கையோடுதான் சாப்பிட வேண்டும், அந்தக் கையோடுதான் கக்கூசுக்குப் போக வேண்டும், அந்தக் கையோடுதான் ரயில் ஏற வேண்டும்.

"அடிக்கலயே கண்ணு, திட்டலயே," என்பார் கட்டும்போது. "உன் பொருளை உன் கையில குடுக்கறேன். அவ்ளோதான்."

செவ்வாப்பேட்டையிலிருந்து வரும் பிரேமாவைப் பெண் பார்க்க வரும் நாள். சீக்கிரம் கிளம்ப மத்தியானமே பர்மிஷன் கேட்டிருந்தாள், தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டுதான் வேலைக்கே வந்திருந்தாள். மூன்று மணிக்கு ஒரு போர்டில் ஏழாவது வாய் பேசவில்லை. பிரேமா கை.

"மேடம், இன்னிக்கு மட்டும் மேடம். நாளைக்கு ரெண்டு கட்டுங்க மேடம்," என்று காலில் விழாத குறை.

"இன்னைக்குப் பண்ண தப்புக்கு இன்னைக்கு சீலு. கையை நீட்டு கண்ணு. பூவு ரொம்ப அழகா இருக்குது."

ரயிலில் ஒரு பெரியவர், "இன்னாம்மா இது, புது மாதிரி வாட்சா?" என்று கேட்டாராம். வீட்டில் புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டுதான் காபி கொடுத்திருக்கிறாள். டம்ளரை நீட்டும்போது தலைப்பு நழுவிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பச்சை போர்டையும் சிவப்பு சீலையும் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு எதுனா ட்ரீட்மெண்டு நடக்குதா?" என்று கேட்டாளாம். எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் காலை மேடம் சீலை வெட்டினார். நம்பரைப் பார்த்தார். நோட்டில் டிக் போட்டார்.

"மாப்பிள்ளை இன்னா சொன்னாரு கண்ணு?"

பிரேமா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சால்டரிங் அயர்னை எடுத்தாள். மேடம் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க பிரேமா கையில் ஒரு ஃபெயிலும் இல்லை. "பாத்தியா, கை எப்படித் திருந்திச்சு," என்று மேடம் என்னிடம் சொன்னார். அது உண்மையும்கூட. எங்கள் கம்பெனி போர்டுக்குப் பெங்களூரில் நல்ல பெயர். ஸ்கேன் மெஷின் செய்யும் ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் மட்டும்தான் வாங்கியது.

அவரை ராட்சசி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு நாள் காலை நாங்கள் உள்ளே போனபோது கரும்பலகையில் அவருடைய பெயரே இருந்தது, இனிஷியலோடு. முந்தின நாள் டெஸ்ட் மெஷினில் ஒரு செட்டிங்கை மாற்றாமல் விட்டு, ஒரு நல்ல போர்டை ஃபெயில் என்று எழுதிவிட்டாராம். யாருக்கும் தெரியாது, அவரே கண்டுபிடித்து அவரே எழுதியிருந்தார். வலது மணிக்கட்டில் போர்டு, சிவப்பு சீல். அன்று மத்தியானம் எங்கள் நடுவில் உட்கார்ந்து சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிட்டார். போர்டு மூலையில் சாம்பார் ஒட்டியது. துடைக்கவில்லை. ரெண்டு பெண்கள் அழுதேவிட்டார்கள். "தப்புன்னா தனக்கும்தான் பாருடி, இப்படி ஒரு மனுசியா," என்று பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு சீலைப் பற்றி யாரும் வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று.

ஒயர் வெட்டுகிற எஸ்தரக்கா மட்டும் சிரித்தாள். கை கழுவும் குழாய் அடியில் என் காதில் சொன்னாள்: "தன் கையில தானே கட்டிக்கினா அது வளையலுடி. அடுத்தவ கட்டினாதான் சீலு."

அது எப்படியோ மேடம் காதுக்குப் போயிற்று. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தரம் இழுப்பேன். கம்பெனியிலும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வாரம், கேட் வரை போன நான் சால்டரிங் அயர்ன் பிளக்கைப் பிடுங்கினேனா என்று பார்க்கத் திரும்பி ஓடியதை மேடம் பார்த்துவிட்டார். மறுநாள் நான் கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"உறுதியா?"

நான் திரும்பி ஓடினேன். பிளக் பிடுங்கித்தான் இருந்தது. மூச்சு வாங்க வந்தேன். மறுபடி, "உறுதியா?" மறுபடி ஓடினேன். வாட்ச்மேன் சிரித்தார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அந்த விளையாட்டு. சில நாள் ஒரு தரம், சில நாள் ஐந்து தரம். நான் வீட்டுக்குப் போகும் பஸ் என் கண்ணெதிரே போகும். ஆனால் ஆறு மாதத்தில் என்னை சால்டரிங்கிலிருந்து எடுத்து செக்கிங்கில் போட்டார். எட்டாவது படித்தவளுக்கு அந்த இடம் கிடைத்ததில்லை.

"படிச்சவளுங்க ஒரு தரம் பாத்துட்டு ஓகே போட்டுடுவாளுங்க. நீ ஒம்பது தரம் பாப்ப. பயந்தவ கண்ணுதான் எனக்கு வேணும்," என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. செக்கிங் என்றால் போர்டைப் பார்ப்பது மட்டும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டில் 'உறுதியா?' என்ற கேள்விக்குப் பதிலாக, "குழாயடியில யாரு கண்ணு சிரிச்சது?" என்று கேட்பார். பதில் சொன்னால் பஸ்ஸுக்கு விட்டுவிடுவார். சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எஸ்தரக்காவின் மணிக்கட்டில் சீல் இருந்தது, வேறு ஏதோ காரணத்துக்காக. அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான்தான் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எஸ்தரக்கா திருப்பாச்சூர்ப் பக்கம். அவள் அம்மா, அப்பா எல்லாம் நடவு, அறுப்பு என்று போனவர்கள். இவள்தான் முதலில் கம்பெனிக்கு வந்தவள். ஒயர் வெட்டுவது அவள் வேலை. ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் வேறொருத்தியோடு ஆந்திரா பக்கம் போய்விட்டான். நாலு வயதுப் பெண் குழந்தை பிளெஸ்ஸியை மாமியார் பிடித்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கூட்டிக்கொண்டு வரக்கூடாது. சர்ச் சபையார் நடுவில் உட்கார வைத்துப் பேசியபோது மாமியார் சொன்னதை எஸ்தரக்கா அப்படியே நடித்துக் காட்டுவாள்:

"பதினோரு மாசத்துக்கு ஒருதரம் வெளிய தள்ளி உள்ள இஸ்துக்கற வேலை. அதை நம்பி எங்க பேத்தியக் குடுப்பமா? பர்மனெண்டுன்னு கம்பெனி சீல் போட்டு ஒரு பேப்பர் கொண்டா. அன்னிக்கே இட்டுகினு போ. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கொண்டுவரலன்னா நெல்லூர்ல என் பொண்ணு ஊட்டுக்கு அனுப்பிடுவேன். அவளுக்கும் புள்ள இல்ல."

அந்த வருடம் மே மாதக் கடைசியில் ஒரே ஒரு ஆளை பர்மனெண்ட் செய்யப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஐந்து வருடம் வேலை பார்த்தவள் எஸ்தரக்கா மட்டும்தான். லெட்டர் டைப் அடித்து மேடம் மேஜையில் இருந்தது. ஆள் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. அதை மேடம் கையால் எழுதுவார். எஸ்தரக்கா பிளெஸ்ஸிக்கு ரோஸ் கலர் கவுன் வாங்கி, கடைப் பையோடு பிரிக்காமல் லாக்கரில் வைத்திருந்தாள்.

அந்த வாரம்தான் பெங்களூரிலிருந்து பன்னிரண்டு செட் திரும்பி வந்தது.

செட் என்றால் ஒரு பத்துவாய், அதோடு பத்து ஒயர். பத்து ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு ஒயர் குட்டையாக இருந்தால் அதில் போகும் சிக்னல் முந்திக்கொண்டு போய்ச் சேரும், மேடம் சொன்ன அந்த நூறு கோடித் துண்டுக் கணக்கு. பத்தும் ஒன்றாகப் போய்ச் சேரவில்லை, ஸ்கேன் படம் கலங்கித் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். முதலாளி நாலு மணிக்கு வருவார்.

மேடம் என்னைக் கூப்பிட்டு ஒயர்களைக் கொட்டினார். "அளந்து பாரு கண்ணு."

அளந்தேன். ஒரே செட்டுக்குள் ஒன்று சரியாக இருந்தது, ஒன்று நகத்தளவு குட்டை, இன்னொன்று ஒரு விரல் அகலம் குட்டை. இன்னொரு தரம் அளந்தேன். எல்லாமே நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவை.

ஒயர் வெட்டுகிற இடத்துக்குப் போனேன். சுவரில் செங்குத்தாகப் பதித்த ஒரு பலகை. மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. மேல் ஆணியில் ஒயரை மாட்டி இழுத்துக் கீழ் ஆணியோடு வெட்டுவாள் எஸ்தரக்கா. அதுதான் அளவு. நானும் வெட்டின ஒயரைக் கொண்டுபோய் அதே ஆணிகளுக்கு நடுவில் பிடித்துப் பார்த்துத்தான் சரி என்று போடுவேன். ஒவ்வொன்றையும் ஒன்பது தரம் பார்ப்பேன். ஸ்கேல் வைத்துப் பார்த்ததே இல்லை. வெட்டின அளவிலேயே சரிபார்த்தால் எப்போதும் சரியாகத்தானே இருக்கும்.

இப்போது ஸ்கேல் வைத்தேன். மேல் ஆணி கீழ்நோக்கித் தொங்கிப் போயிருந்தது. அதைச் சுற்றி மரம் நைந்திருந்தது.

ஒயர் வெட்டுவது மத்தியானத்துக்கு மேல்தான். காலை முழுக்க அந்தப் பலகை சும்மா இருக்கும். மேடம் வந்ததும் தன் பையை அந்த மேல் ஆணியில்தான் மாட்டுவார், வெட்ட ஆரம்பிக்கும்போதுதான் எடுப்பார். டிபன் கேரியர், ரெண்டு பாட்டில் தண்ணீர், தடி நோட்டு. மாட்டும்போது பலகையே ஒரு தரம் முனகும். நாலைந்து மாதமாக. ஒவ்வொரு நாளும் ஆணி தலைமுடியளவு இறங்கியிருக்கும். ஒரு மாதம் வெட்டினதும் அதற்கு அடுத்த மாதம் வெட்டினதும் ஒரே டப்பாவில் கலந்து, ஒரே செட்டில் போயிருக்கிறது.

மேடம் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். பவுடர் வாசனை.

"யாரு கை கண்ணு?"

"மேடம்... ஆணி எறங்கிடுச்சி மேடம்."

"ஆணிக்கு ஏது கை?"

என் கண் மேல் ஆணிக்குப் போயிற்று. அன்று ஒயர் வெட்டாததால் பை இன்னும் அங்கேதான் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். மெதுவாகப் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆணின்னு எழுதலாம். எழுதினா சார் இன்னா கேப்பாரு? தெனமும் செக் பண்ணி கையெழுத்து போட்டவ யாருன்னு கேப்பாரு. அது யாரு?"

"நான் மேடம்."

"ஸ்கேல் வெச்சி அளந்தியா?"

"இல்ல மேடம்."

"அப்போ ரெண்டு கை இருக்குது. வெட்டின கை, பாத்த கை. உனக்கு எட்டாவதுக்கு வெளிய எந்தக் கம்பெனியில செக்கிங் குடுப்பான்? நான் அவசரப்படுத்தல. மணி மூணேமுக்கால்தான் ஆவுது. நீயே சொல்லு."

பிளெஸ்ஸியை நினைக்காமல் இல்லை. ரோஸ் கவுனை நினைக்காமல் இல்லை. அதையெல்லாம் நினைத்தபடியே என் வாய் சொன்னது, "எஸ்தரக்கா கை மேடம்."

"உறுதியா?"

"உறுதி மேடம்."

வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான் நான் திரும்பிப் போய்ப் பார்க்காமல் பதில் சொன்னது.

முதலாளி வந்தார். மேடம் குட்டை ஒயர்களை விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். எஸ்தரக்கா, "ஆணியில வெச்சிதானே சார் வெட்டறேன், என் இஷ்டத்துக்கா வெட்டறேன்? ஆணியப் பாருங்க சார்," என்றாள். முதலாளி மேடத்தைப் பார்த்தார். மேடம், "அவ கையில இருக்கற ஆணியை அவதானே சார் பாக்கணும்," என்றார். முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. பன்னிரண்டு செட்டுக்கும் சேர்த்து எஸ்தரக்காவை அன்றோடு நிறுத்தச் சொன்னார். போகிறவளுக்குச் சீல் கட்டவில்லை. அவள் லாக்கரைக் காலி செய்துகொண்டு கிளம்பினாள். என்னைத் தாண்டும்போது, "நீயாச்சும் பாத்து இருடி, பாப்பா. இவ சும்மா உடமாட்டா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பலகையில் புது ஆணி இருந்தது. ஸ்கேல் வைத்து, ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து அடித்திருந்தார்கள். ரெண்டடி தள்ளிச் சுவரில் பை மாட்ட ஒரு கொக்கி. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பத்து மணிக்கு மேடம் என்னைக் கூப்பிட்டு அந்த லெட்டரைக் கொடுத்தார். காலி இடத்தில் என் பெயர். முத்து முத்தான கையெழுத்து. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைப் பாலிதீன் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் போட்டு, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதல் பர்மனெண்ட் நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எஸ்தரக்கா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். என்மேல் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்குக் குடுத்தது சந்தோசம்டி. மெய்யாலுமே. ஒரே ஒரு ஒதவி பண்ணு. நாளைக்கு ஒரு நாள் அந்த லெட்டரக் குடு. என் மாமியாளுக்கு எழுத்து தெரியாது. கம்பெனி சீலைப் பாப்பா, கையெழுத்தப் பாப்பா, அவ்ளோதான். அங்க சபையில படிக்கத் தெரிஞ்ச பாஸ்டர் அய்யர் நாளைக்கு வெளியூரு போறாரு, கேட்டுகினேன். புள்ளய இட்டுகினு வந்துட்டன்னா அப்புறம் யாரு கேக்கப் போறாங்க? சாயங்காலம் உன் ஊட்டாண்டயே வந்து குடுத்துடறேன். புதங்கிழமை ஸ்கூல் தொறக்கறாங்கடி. அதுக்குள்ள நெல்லூருக்கு அனுப்பிடுவா."

"தரேங்கா," என்றேன். "காலையில ஸ்டேஷனுக்கு வரேன்."

"ஆறு மணி வண்டி. பேசின் பிரிட்ஜ்ல எறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி புடிக்கணும். வந்துடு, இன்னா?"

காலையில் ஐந்தரைக்கே போய்விட்டேன். லெட்டரை எடுத்துக்கொண்டுதான் போனேன், அது நிஜம். ஆனால் பிளாட்பாரத்துக்கு இறங்கவில்லை. மேம்பாலத்தின் மேலேயே நின்றேன். ரயிலில் யாராவது தண்ணீரைக் கொட்டிவிட்டால்? மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டால்? அந்த அய்யர் ஊருக்குப் போகாமல் இருந்து, வாங்கிப் படித்து, என் பெயரைப் பார்த்து, கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டால்? ஒன்று முடிய இன்னொன்று. கீழே எஸ்தரக்கா ரோஸ் கவுன் பையை மார்போடு வைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். ஆறு மணி வண்டி வந்தது, போனது. அவள் ஏறவில்லை. அடுத்த வண்டியிலும் ஏறவில்லை. மூன்றாவது வண்டியில் ஏறினாள். லெட்டர் இல்லாமல் போய் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. குழந்தையைப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று போயிருப்பாள்.

பிளெஸ்ஸி நெல்லூருக்குப் போய்விட்டாள் என்று பிரேமா சொல்லித்தான் தெரியும். எஸ்தரக்காவை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஏதோ கெமிக்கல் கம்பெனியில் டிரம் கழுவுவதாகச் சொன்னார்கள்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமை காலையில், நான் ஒயர்களுக்கு ஸ்கேல் வைத்துக்கொண்டிருந்தேன். பவுடர் வாசனை வந்து நின்றது.

"எஸ்தர் வந்து லெட்டர் கேட்டாளா கண்ணு?"

ஸ்கேலைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு எப்படி மேடம்..."

"வெள்ளிக்கிழமை என் ஊட்டுக்கு வந்தா. ஒரு நாளைக்கு மட்டும் எதுனா ஒரு பேப்பர் எழுதிக் குடுங்கன்னு அழுதா. என்கிட்ட இன்னாம்மா இருக்குது, லெட்டர் அவகிட்டதான் இருக்குது, உன் தோஸ்துதானே, போய்க் கேளுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்." என் தோளில் கை வைத்தார். மெத்தென்ற கை. "குடுத்தியா?"

"இல்ல மேடம்."

"தெரியும். நீ குடுக்கமாட்டேன்னு தெரிஞ்சிதான் அனுப்பினேன். குடுக்கறவளா இருந்தா அந்த லெட்டர்ல உன் பேரை எழுதியிருக்கமாட்டேன் கண்ணு."

தோளை ஒரு தரம் தட்டிக் கொடுத்தார். அடுத்த மேஜைக்குப் போனார்.

நான் அங்கே இன்னும் ஏழு வருடம் வேலை பார்த்தேன்.